பூண்டு ஊரில் இருமல்

மேல்மலையில் ஓர் ஊர். பேர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் யாராவது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்து நிற்பார்கள். கொடைக்கானலில் இருந்து லாரி போகிற மண் சாலை எங்கே முடிகிறதோ அங்கே இறங்கி ஒரு சரிவு ஏறினால் அந்த ஊர் வரும், அவ்வளவு தெரிந்தால் போதும். மலையைப் படிப்படியாக வெட்டி வயலாக்கி, பூண்டு போட்டுப் பிழைக்கிற ஜனங்கள். நல்ல ஜனங்கள்தான். ஆனால் நல்ல ஜனங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றக் கிளம்பினால் எப்படி ஆகிப்போவார்கள் என்பதை அழகம்மாளைக் கேட்டால் சொல்லுவாள்.

அழகம்மாளின் புருஷன் திருமலைச்சாமி. ஆள் என்றால் அப்படி ஓர் ஆள். இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற பூண்டு மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கி லாரியில் போட்டுவிட்டு வருவான். பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்த ஞானவேல் என்ற வியாபாரி, ஒரு தைப்பூசத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். கடை வாசலில் சட்டையில்லாமல் நிறுத்தி, பாதயாத்திரை வந்த ஜனம் பார்க்கப் பார்க்கப் பச்சைப் பூண்டை மென்று தின்னச் சொன்னார். மலைப்பூண்டு தின்று வளர்ந்த உடம்பைப் பாருங்கள் என்று பக்கத்தில் ஒருவன் தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தான். திருமலைச்சாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. திரும்பி வந்து நாள்கணக்கில் அதையே பேசினான். சந்தையில் மாட்டை நிறுத்தி விற்கிற மாதிரி இருக்கிறதே என்று அழகம்மாள் ஒருத்திதான் முகம் சுளித்தாள்.

அந்த ஞானவேல் ஒரு நோட்டீஸ் அடித்து வைத்திருந்தார். அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வியாதியைப் பிடித்துக் கல்யாணம் கட்டி வைத்திருந்தார் மனுஷர். வெந்தயத்துக்குச் சர்க்கரை வியாதி, மிளகுக்கு விஷக்கடி, மஞ்சளுக்குக் குஷ்டம், சீரகத்துக்குப் பைத்தியம்கூட. பூண்டுக்கு மட்டும் ஒன்று போதவில்லை. வாயு, மார்ச்சளி, ரத்தக்கொதிப்பு, குடல்புழு, மலடு என்று போய், கடைசியில் கொட்டை எழுத்தில் காசநோய் என்று முடித்திருந்தார். அதற்கும் கீழே, இந்தப் பூண்டு விளைகிற ஊரில் காசநோய் என்ற பேச்சே கிடையாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் ஊரையே பிடித்து ஆட்டியது.

ரசத்தில் நாலு பல் தட்டிப் போட்டால் சளி பிடித்தவனுக்கு இதமாக இருக்கும், யார் இல்லையென்றார்கள்? பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்காத வீடு தமிழ் நாட்டில் உண்டா? அந்த மட்டில் நின்றிருந்தால் ஒருத்தருக்கும் கேடில்லை. குழம்பில் போடுகிற சாமானைக் கொண்டுபோய் டாக்டர் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் என்ன செய்யும் அது? பாவம், அதுவும் பூண்டாகத்தானே இருக்க முடியும்.

ஊரில் ஒரு வழக்கம். பூண்டைத் தனித்தனியாக யாரும் விற்க மாட்டார்கள். எல்லா வீட்டுப் பூண்டும் ஒரே குவியலாகச் சேர்ந்து ஊர்ப்பூண்டு என்ற பேரில்தான் கீழே இறங்கும். அறுவடைக்கும் கூலி கிடையாது. இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ என்று மாற்றாள் முறை. யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு வீட்டுக்கு வந்த கெட்ட பேர் எல்லார் பூண்டையும் தொடும். ஒரு வீட்டை ஊர் ஒதுக்கினால் அந்த வீட்டுப் பூண்டைத் தோண்ட ஒரு கை வராது. பெரியதனக்காரர் மணியன் சொல்வதுதான் சட்டம். அவர் கெட்டவர் என்று அதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷ மழைக்காலத்தில் திருமலைச்சாமிக்கு இருமல் பிடித்தது. ஊரில் இருமல் அதிசயமில்லை. பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவார்கள். புகையிலே கிடக்கிற ஜனம் இருமத்தான் செய்யும். புகைச்சல் இருமல் என்று அதற்கு ஒரு பேரே உண்டு. திருமலைச்சாமியும் புகைச்சல் என்றான். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தான். தோள் வற்றிக்கொண்டே வந்தது. மாலையானால் மேல் காய்ச்சலில் காய்ந்தது. ஒருநாள் வயலில் எச்சில் துப்பிவிட்டு அதன்மேல் மண்ணைத் தள்ளினான். அழகம்மாள் பார்த்துவிட்டாள். காலால் மண்ணை விலக்கினாள். சிவப்பு.

அவள் யாரையும் யோசனை கேட்கவில்லை. வெள்ளனே எழுப்பி, லாரியில் ஏற்றி, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டாள். படம் எடுத்தார்கள், சளியை வாங்கிப் பார்த்தார்கள். காசநோய்தான், ஆனால் இப்போது மருந்து வந்துவிட்டது, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். வாரத்துக்கு இரண்டு ஊசி, தினமும் மாத்திரை, ஒரு வருஷம். நடுவில் நிறுத்தினால் மட்டும் நோய் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் அதே ஊசி வேலை செய்யாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அழகம்மாள் அதை மந்திரம் மாதிரி மனத்தில் போட்டுக்கொண்டாள்.

ஊசி கேட்டது. தை பிறக்கும்போது காய்ச்சல் நின்று, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அங்கேதான் வந்தது வினை. பார்த்தாயா, பூண்டுப்பால் வேலை செய்கிறது என்றது ஊர். வாரம் இரண்டு தடவை லாரியில் தொங்கிக்கொண்டு போய் வந்தவள் அழகம்மாள், குத்து வாங்கியவன் அவள் புருஷன், பேர் பூண்டுக்கு.  போகட்டும், ஆள் பிழைத்தால் சரி, பேரை எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாசியில் அறுவடை தொடங்குகிற நேரத்தில் மணியன் வீட்டுக்கு வந்தார். கூடவே ஞானவேலும் பழனியில் இருந்து ஏறி வந்திருந்தார். பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் கூடுகிற கூட்டத்தை நம்பி மதுரை வியாபாரிகள் மொத்தச் சரக்கையும் பேச வருகிறார்கள், நோட்டீஸைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்றார் ஞானவேல். போன வருஷம் கடை வாசலில் நின்ற ஆளே ஆஸ்பத்திரித் திண்ணையில் வரிசையில் நிற்கிறான் என்று கொடைக்கானலில் ஒருத்தன் பார்த்துச் சொன்னால், பூண்டை மாடுகூடத் திங்காது என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார், ஏதோ அவர் வீட்டுக்கே நோய் வந்த மாதிரி.

மணியன் அழகம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "ஒன் புருசனுக்கு வந்திருக்கது புகைச்சல் இருமல், ஆத்தா. வேற பேரு சொல்லாத. உத்திரம் கழியிற மட்டும் ஊசிக்குப் போக வேண்டாம்."

"நடுவுல நிறுத்துனா மறுக்கா மருந்து கேக்காதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருங்க, மாமா," என்றாள் அழகம்மாள்.

டாக்டருக்கு என்ன தெரியும், அவர் பூண்டு விதைத்தாரா, அறுத்தாரா என்று கேட்டார் மணியன். நாலு வருஷமாக விலை இல்லாமல் கிடந்த ஊர், இப்போதுதான் தலை நிமிர்கிறது, ஒரு வீட்டுக்காக எல்லா வீட்டு அடுப்பிலும் தண்ணீரை ஊற்றுவாயா என்று கேட்டார். அழகம்மாள் வாயைத் திறப்பதற்குள் திருமலைச்சாமி முந்திக்கொண்டான். தனக்குத் தேவலாம் போல இருக்கிறது, ஊர் சொல்கிறபடியே இருக்கலாம் என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தன்னால் ஊர்ப் பூண்டுக்குக் கெட்ட பேர் என்ற நினைப்பு, நோயைவிட அதிகமாக அவனைத் தின்றுகொண்டிருந்தது. நோய் வந்ததே ஏதோ தான் செய்த துரோகம் போலத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தலைக்குனிவைப் பார்த்தபோதுதான் அழகம்மாளுக்கு முதல் முதலாக அந்த நோட்டீஸைக் கிழித்து அடுப்பில் போடவேண்டும் போல ஆத்திரம் வந்தது.

ஊசி நின்றது. மாத்திரையையும் வீட்டில் இருந்தால் யார் கண்ணிலாவது படும் என்று அவனே தூக்கி எறிந்துவிட்டான். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஒத்துச் சாகவும் சொல்வார்கள் போலிருக்கிறது.

மதுரை வியாபாரிகள் வந்த நாளில் ஊர் திருவிழாப் போல இருந்தது. திருமலைச்சாமி வெளியில் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருமல் வந்தால் கேட்காத இடமாக எது என்று யோசித்து, பரண் இருக்கிற புகை அறைக்குள் உட்கார வைத்தார்கள். நெஞ்சு ஓட்டையாகிக் கிடக்கிறவனைப் புகைக்குள்ளே! யோசித்தவன் எவனோ, அவன் வீட்டில் விளக்கு எரியாமல் போக என்று அழகம்மாள் வாய்விட்டே சபித்தாள். வாசலில் ஞானவேல் ஒரு பல் பூண்டை உரித்து மதுரைக்காரர்களுக்குக் கொடுத்து, இந்த ஊரில் இருமல் சத்தம் கேட்கிறதா பாருங்கள் என்று சிரித்தார். அவர்களும் காதைத் தீட்டிக் கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை.

விலை பேசி, வெற்றிலை போட்டு, அவர்கள் சரிவில் இறங்கின பிறகு அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். திருமலைச்சாமி தோளில் கிடந்த துண்டை உருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தான். துண்டை வெளியே இழுத்தாள். பிழிகிற அளவுக்கு ரத்தம் இருந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்தது.

"சத்தம் கேட்டுச்சா, புள்ள?" என்றான். இதைத்தான் கேட்டான்.

அழகம்மாள் அழவில்லை. அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது என்பது போல விறுவிறுவென்று வேலை பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் பெண் பிள்ளைகள் இரண்டையும் எழுப்பினாள். மூட்டை தூக்குகிற மட்டக்குதிரை ஒன்று கேட்டுப் பார்த்தாள். நாலு வீட்டில் குதிரை நின்றது, நாலு வீட்டிலும் குதிரை நொண்டி என்றார்கள். புருஷன் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பின்னால் வர, தெரு நடுவில் நடந்தாள். அறுவடைக்குக் கிளம்பிய ஜனம் வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. வயலில் அவளுடைய பூண்டு பாதி தோண்டினபடியே கிடந்தது. மேற்கே மேகம் திரண்டிருந்தது. மழை இறங்கினால் மண்ணுக்குள் கிடக்கிற பூண்டு அழுகிப்போகும்.

சரிவு தொடங்குகிற இடத்தில் மணியன் குறுக்கே நின்றார். "எறங்குனா ஒன் வயல்ல ஒருத்தனும் கால் வைக்க மாட்டான், அழகு. பாத்துக்க."

திருமலைச்சாமியின் கால் தயங்கியது. அவள் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு மணியனைச் சுற்றிப் போனாள். பதில் சொல்ல அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் பேசுகிற மூச்சு இருந்தால் அது அவனைத் தாங்கப் பயன்படுமே என்றுதான் பேசாமல் நடந்தாள். உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போன லாரியில், மூட்டைமேல் இடம் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவள்மேல் எரிந்து விழுந்தார். படித்துப் படித்துச் சொன்னேனே, ஏன் நிறுத்தினாய், உனக்குப் புருஷன் வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கோபம். ஆனால் ஆள் மாறி விழுந்த கோபம். ஊர் சொல்லிற்று என்று சொன்னால் அது சாக்காகத் தெரியும் என்று அவள் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். பழைய ஊசி இனிமேல் கேட்குமா என்று சந்தேகம்தான், புது மருந்து ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிறேன், ஒரு வருஷம் இங்கேயே கிடக்கட்டும், உறுதி சொல்ல முடியாது என்றார். பிள்ளைகளையும் சோதித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஒரு சேதிக்குத்தான் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நெஞ்சு நோய்க்காரர்களை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனிக் கட்டிடத்தில் வைத்திருந்தார்கள். ஊசிக்கு வந்துபோன நாட்களில் அழகம்மாள் அந்தப் பக்கம் போனதே இல்லை. எதிரே வெயில் விழுகிற நீள வராந்தா. பகலில் எல்லாரையும் அங்கே உட்கார வைப்பார்கள். திருமலைச்சாமியைப் படுக்க வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்த அழகம்மாள், பெஞ்சில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

காளியாயி. பெரியதனக்காரர் மணியனின் மனைவி. போன ஆடியில் இருந்து செண்பகனூரில் மகள் வீட்டில் இருந்துகொண்டு பேரனை வளர்க்கிறாள் என்று ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்த காளியாயி. முகம் தெளிந்து, நன்றாக உடம்பு பிடித்து, பக்கத்தில் ஒரு துணி மூட்டையோடு, ஊருக்குப் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

 காளியாயி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். ஒரு ஊசிகூடத் தப்பாமல் போட்டுக்கொண்டதையும், ஒரு மாத்திரை விட்டுப்போனால்கூடத் தன் புருஷன் தாம்தூம் என்று குதிப்பார் என்பதையும், நோய் நன்றாகக் குறைந்துவிட்டது, மிச்சத்துக்கு மாத்திரையை வீட்டிலேயே ஒளித்து வைத்துச் சாப்பிடலாம் என்று அவர் ஏற்பாடு செய்திருப்பதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உத்திரத்துக்கு அவளைப் பழனிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்களாம். சாகக் கிடந்தவள் ஊர்ப்பூண்டைப் பாலில் காய்ச்சிக் குடித்து எழுந்து உட்கார்ந்தாள் என்று ஞானவேல் கடை வாசலில் அவள் வாயாலேயே சொல்ல வேண்டுமாம்.

அழகம்மாள் அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். ஊருக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயமா? அவளை வழிமறித்து நின்ற மனுஷருக்கு, ஊசியை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும். அவளைவிட நன்றாகத் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டே, டாக்டர் பூண்டு விதைத்தாரா என்று கேட்டார். தெரியாதவன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இதற்குப் பேர் என்ன?

அப்போதுதான் மணியன் வராந்தாவில் ஏறி வந்தார். மனைவியைக் கூட்டிப்போக டாக்சி பிடித்து வந்திருந்தார். பெஞ்சில் இரண்டு பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் பஞ்சாயத்துப் பண்ணிப் பழகின வாய். அது சும்மா இருக்குமா? சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, இதமாகவே பேசினார். தப்பு நடந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். உன் வீட்டை ஊர் ஒதுக்கி வைத்ததை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன், மழைக்கு முந்தி ஆள் இறக்கி உன் பூண்டு முழுவதையும் தோண்டிப் பரண் ஏற்றிவிடுகிறேன், பிள்ளைகளை என் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறேன் என்றார்.

"ஒம் புருசனும் கொணமாயி வரட்டும், ஆத்தா. வந்தன்னைக்கு, ஊர்ப்பூண்டுதான் எழுப்பி உக்கார வச்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஒனக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

அழகம்மாள் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துப்போனா என்ன சொல்லுவீங்க, மாமா?"

மணியன் மனைவியின் துணி மூட்டையைக் கையில் எடுத்தார்.  பதில் பெஞ்சில் இருந்து வந்தது.

"ஊசி கொன்னுபோட்டுச்சும்பாக," என்றாள் காளியாயி.

அதை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு ஆயுசு முழுக்க அந்த மனுஷரோடு குடும்பம் நடத்தினவள், உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

மணியன் மனைவியை எப்படிப் பார்த்தார் என்று அழகம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பூண்டு வயலிலேயே அழுகட்டும், ஒரு பல்கூட அவர்கள் கை தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புருஷன் படுத்திருந்த அறைக்குள் போனாள். அங்கே ஊசி போடுகிறவர் வந்திருந்தார். அவள் திருமலைச்சாமியின் சட்டையைத் தோள்வரைக்கும் ஏற்றிவிட்டாள். வெளியே மணியன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வெரசா கெளம்பு, டாக்சிக்காரன் நிக்கான் என்று ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு கொஞ்சம் கெஞ்சுகிற குரலில் இன்னொரு தடவை. காளியாயி எழுந்திருக்கவில்லை.